புல்மண் வீட்டுக் கிறிஸ்துமஸ்: 1873ஆம் ஆண்டின் ஒரு மாலையைப் பினாங்கில் அமைக்கும் முறை

அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் குடியேறிய குடும்பங்கள் கிறிஸ்துமஸைக் கொண்டாடிய விதத்தை ஒரு மாலைப்பொழுதில் நடத்திக் காட்ட விரும்பும் பள்ளி வரலாற்றுக் கழகங்களுக்கும், தேவாலய இளைஞர் குழுக்களுக்கும், வாசகர் வட்டங்களுக்கும் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். இத்தகைய நிகழ்ச்சி என்றதும் அகன்ற தொப்பியையும் கைத்துப்பாக்கிப் பொம்மையையும் தேடிச் செல்வது வழக்கமாகிவிட்டது. அவற்றை வாங்கும் பணத்தை மாவுக்கும் உலர்ந்த ஆப்பிளுக்கும் செலவிடுங்கள். திரைப்படம் காட்டிய மேற்கை விட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட வீட்டில் ஒரு குறிப்பிட்ட டிசம்பரில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று கேட்கத் தொடங்கினால், மாலையின் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்துவிடும்.

ஆண்டும் இடமும்

எல்லைப்புறம் என்பது ஒரே இடமும் அன்று, ஒரே காலமும் அன்று. 1805இல், மேற்கு நிலங்களை ஆராய அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ், கிளார்க் ஆகியோரின் பயணக்குழு பசிபிக் கடலோரத்து மழையில் கிளாட்சாப் கோட்டையைக் கட்டிக் குளிர்காலத்தைக் கழித்தது. 1849க்குப் பின் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்க முகாம்களில் ஆண்கள் ஆயிரக்கணக்கில் கூடாரங்களில் வாழ்ந்தார்கள். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து ஆண்டுகள் தங்கி நிலத்தைப் பண்படுத்துகிறவர்களுக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்தில் வழங்கியதால், நெப்ராஸ்கா, கான்சஸ் புல்வெளிகளை நோக்கிக் குடும்பங்கள் பெருகி வந்தன. 1869 மே 10 அன்று யூட்டாவின் புரோமான்டரி உச்சியில் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இருப்புப்பாதை முடிந்த பிறகு, கடைச்சரக்குகள் வந்து சேரும் வேகமே மாறிவிட்டது. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, எல்லைக்கோடு என்று வரைந்து காட்ட இனி ஒன்றும் இல்லை என்று அறிவித்துவிட்டது. இந்த எண்பத்தைந்து ஆண்டுகளையும் ஒரே மேடையில் கலந்து வைத்தால் எந்தக் காலத்துக்கும் பொருந்தாத ஒரு காட்சிதான் கிடைக்கும்.

நான் பரிந்துரைப்பது நெப்ராஸ்கா, 1873 டிசம்பர். ஓராண்டு தள்ளி 1874ஐ எடுத்தால் எவ்வளவு மாறிவிடும் என்பதைப் பார்த்தால், ஆண்டைக் குறிப்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது விளங்கும். 1874 கோடையில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் மேகமாக வந்து இறங்கி, கான்சஸிலும் நெப்ராஸ்காவிலும் கதிர் முற்றாத மக்காச்சோளத்தைத் தண்டுவரை தின்று தீர்த்தன. அதற்குள் அறுவடையாகிவிட்ட கோதுமை ஓரளவு தப்பியது, மக்காச்சோளம் தப்பவில்லை. ஆகவே 1873 டிசம்பரில் ஒரு தாய் சோளரொட்டி சுட்டு, சோளப்பொரியை நூலில் கோத்து மரத்தில் தொங்கவிட்டிருக்கலாம். அடுத்த டிசம்பரில் அதே தாய் நிவாரணமாக வந்த மாவையும் பழைய இராணுவ உடைகளையும் எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கக்கூடும். உங்கள் குழுவுக்குத் துணிவிருந்தால் 1874ஐயே எடுத்து, வெறுமையான மேசையை வைத்தும் ஒரு மாலையை நடத்தலாம்; ஆனால் முதன்முறை செய்கிறவர்களுக்கு 1873 எளிது.

ஆண்டு முடிவானதும் ஒவ்வொரு பொருளையும் பாடலையும் அந்த ஆண்டோடு ஒத்துப் பாருங்கள். 1818இல் ஆஸ்திரியாவில் முதலில் பாடப்பட்ட 'அமைதியான இரவு' 1859இல் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டதால் அதைப் பாடலாம். 1857இல் வெளியான 'ஜிங்கிள் பெல்ஸ்' பாடலுக்கும் தடையில்லை. வானொலிக் காலத்துக் கிறிஸ்துமஸ் பாடல்கள் அனைத்தையும் நீக்கிவிடுங்கள். கிறிஸ்துமஸை அமெரிக்கக் கூட்டரசு 1870இல்தான் விடுமுறையாகச் சட்டமாக்கியது. அதுவும் தலைநகரின் அரசு ஊழியர்களைக் கருதியது. புல்வெளியில் இருந்தவருக்கு அந்த நாளிலும் மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டியிருந்தது.

மூலங்களைப் படிக்கும் வழி

லூயிஸ், கிளார்க் பயணக் குறிப்புகள் முழுவதையும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பில் ஊர்ப் பெயரையும் டிசம்பர் மாதத்தையும் இட்டுத் தேடினால், கடை விளம்பரங்களும் பள்ளிக்கூட மர விழா அறிவிப்புகளும் கிடைக்கும். கட்டுரைகளை விட விளம்பரங்களை ஊன்றிப் படியுங்கள், ஏனெனில் அந்த ஊரில் எது விற்பனைக்கு இருந்தது என்பதை அவையே நேராகச் சொல்கின்றன. சாலமன் பட்சர் என்ற புகைப்படக்காரர் 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்தில் எடுத்த படங்களில் குடும்பங்கள், புல்வேர் பிணைந்த மண்கட்டிகளால் கட்டிய தங்கள் புல்மண் வீடுகளுக்கு முன்னால் உடைமைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்து நிற்கின்றன. அவை நாம் எடுத்துக்கொண்ட ஆண்டுக்குச் சற்றுப் பிந்தியவை என்றாலும், நாற்காலி, மேசை, விளக்கு, உடை ஆகியவற்றுக்கு அவற்றைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

நாட்குறிப்பைப் படிக்கும்போது உணர்ச்சி வாக்கியங்களை விடப் பட்டியல்களைத் தேடுங்கள். 1805 கிறிஸ்துமஸ் அன்று கிளார்க் எழுதிய பகுதி இதற்குச் சிறந்த பயிற்சி. லூயிஸிடமிருந்து கம்பளி உள்ளாடையும் காலுறையும், குழுவின் வீரர் வைட்ஹவுஸிடமிருந்து ஒரு சோடி தோல் காலணியும், மற்றொரு வீரர் குட்ரிச்சிடமிருந்து பூர்வகுடியினர் முடைந்த சிறு கூடையும், சக்காஜவியா என்ற ஷோஷோனிப் பெண்ணிடமிருந்து இரண்டு டஜன் வெண்மரநாய் வால்களும் தமக்குக் கிடைத்ததாக அவர் குறிக்கிறார். புகைக்கிறவர்களுக்குப் புகையிலையும் மற்றவர்களுக்குக் கைக்குட்டையும் பகிரப்பட்டன. உணவோ கெட்டுப்போன எல்க் மான் இறைச்சியும், கெட்டுப்போன இடித்த மீனும், சில கிழங்குகளும். சிறிய குழுவாக இருந்து சமையல் வசதியும் இல்லாதவர்கள், இந்த ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கதை சொல்லும் முறையில் ஒரு மணி நேர நிகழ்ச்சியை நிறைவாக நடத்திவிடலாம்.

கூடத்தை வீடாக்குதல்

புல்வெளியில் மரம் அரிது. ஆகவே புல்வேர் பின்னிப் பிணைந்த மேல்மண்ணைக் கலப்பையால் பட்டையாக உரித்து, கட்டிகளாக வெட்டி, செங்கல்லைப் போல் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவரின் கனம் இரண்டு அடிக்கும் மேல் இருக்கும். குளிரையும் வெப்பத்தையும் அது நன்றாகத் தடுத்தது. கூரையிலிருந்து மண்ணும், சில வேளை பாம்பும் விழும் என்பதால் உட்கூரையில் மெல்லிய பருத்தித் துணியை விரித்துக் கட்டினார்கள்.

சுவரைக் கட்டிக் காட்ட முயல வேண்டாம். கூடத்தின் தரையில் 16 அடிக்கு 20 அடியாக ஒட்டுநாடாவால் ஒரு செவ்வகம் வரைந்து, அதற்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஒரு பெட்டி ஆகியவற்றை வையுங்கள். ஏழெட்டுப் பேரை அதற்குள் நிறுத்தினால், ஒரு குளிர்காலம் முழுவதையும் அந்த இடத்தில் கழிப்பது எப்படியிருந்திருக்கும் என்பது எந்த ஓவியத்திரையும் இல்லாமலே புரிந்துவிடும். செவ்வகத்தின் மேல் வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றைக் கட்டினால் போதும். எரிபொருள் கூடையில் முறுக்கிய வைக்கோலை வையுங்கள். விறகு கிடைக்காத இடங்களில் முறுக்கிய புல்லையும், காட்டெருமை அல்லது மாட்டு வறட்டியையும் எரித்தார்கள். வறட்டி என்றதும் கூட்டத்தில் இருக்கும் வயதான பெண்கள் பேசத் தொடங்குவார்கள், பேசவிடுங்கள்.

மரத்துக்கு நெகிழி பைன் வாங்காதீர்கள். ஆற்றோரப் பள்ளங்களில் சீடர் என்ற ஊசியிலை மரம் கிடைத்தவர்கள் அதை வெட்டி வந்தார்கள். கிடைக்காதவர்கள் இலையுதிர்ந்த காட்டன்வுட் கிளையையோ காட்டுப் பிளம் புதரையோ நட்டு, அதற்குப் பச்சைத்தாள் சுற்றினார்கள். நமக்குப் பினாங்கின் கடற்கரைகளில் சவுக்கு இருக்கிறது. காற்றில் முறிந்து விழுந்த கிளை ஒன்றை எடுத்து வந்து மணல் நிரப்பிய வாளியில் நட்டால், ஊசியிலை மரத்தின் சாயல் இயல்பாகவே வந்துவிடும். மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் அன்று இருந்தது. பக்கத்தில் ஒருவர் தண்ணீர் வாளியோடு நிற்பதும் வழக்கமாக இருந்தது. நீங்கள் வாளியை மட்டும் வைத்து, விளக்கத்தைச் சொல்லி, மெழுகுவர்த்தியை ஏற்றாமல் விட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்குக் கண்ணாடிச் சிம்னி வைத்த மண்ணெண்ணெய் விளக்கின் வடிவில் வரும் மின்கல விளக்குகள் இரண்டு போதும்.

சோளப்பொரியைக் கோப்பதற்கு உப்பும் வெண்ணெயும் சேர்க்காமல் பொரித்து, ஓரிரவு அப்படியே விட்டு, மறுநாள் தடித்த நூலில் கோப்பது அமெரிக்கர்கள் சொல்லும் முறை. நம் ஊர் ஈரக்காற்றில் அது துவண்டுவிடும் என்பது வேறு. ஆயினும் சற்றுத் துவண்ட பொரிதான் ஊசியில் உடையாமல் ஏறுகிறது. கோத்தபின் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, விருந்தினர் வருவதற்குச் சற்று முன்னர் தொங்கவிடுங்கள். இடையிடையே உலர்ந்த கிரான்பெர்ரி சேர்க்கலாம். புல்வெளிக் குடும்பங்கள் காட்டு ரோசாவின் சிவந்த காய்களைச் சேர்த்தார்கள்.

மேசை

இந்தப் பகுதியில்தான் உழைப்பும் மகிழ்ச்சியும் அதிகம். 1873இல் நெப்ராஸ்கா வீட்டு மேசையின் நடுநாயகம் உப்பிட்ட பன்றி இறைச்சி; சமையல் கொழுப்பும் பன்றிக்கொழுப்பே. நம் விருந்தினரில் முஸ்லிம்களும், மாட்டிறைச்சி உண்ணாதவர்களும், சைவர்களும் இருப்பார்கள் என்பதால் இரண்டையும் மாற்றுவதில் தயக்கம் வேண்டாம். புல்வெளிக் கோழி எனப்படும் காட்டுப்பறவை அங்கே ஏராளமாகக் கிடைத்து, வேட்டையாடி உண்ணப்பட்டதால், வறுத்த நாட்டுக்கோழி அந்தக் காலத்துக்கு முரணாகாது. கொழுப்புக்கு வெண்ணெய் போதும்; பசு வைத்திருந்த வீடுகளில் வெண்ணெயும் கடைந்தார்கள்.

சோளரொட்டிக்கு மாவு வாங்கும்போது கவனம் தேவை. நம் பேரங்காடிகளில் 'தெப்போங் ஜாகோங்' என்று விற்கப்படுவது வழுவழுப்பான மாச்சத்துத் தூள். குழம்பைக் கெட்டியாக்க உதவுமே தவிர ரொட்டிக்கு உதவாது. லிட்டில் இந்தியா மளிகைக்கடைகளில் பஞ்சாபியர் ரொட்டி சுடுவதற்கு வாங்கும் மஞ்சள் நிற மக்காச்சோள மாவைக் கேளுங்கள். இரண்டு கோப்பை மாவு, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா ஆகியவற்றைக் கலந்து, ஒன்றரைக் கோப்பைப் புளித்த கெட்டி மோரும், ஒரு முட்டையும், இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயும் ஊற்றிக் கிளறுங்கள். மாவு மிகவும் இறுகியிருந்தால் இன்னும் கொஞ்சம் மோர் விடலாம். இரும்புச் சட்டியை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, வெண்ணெய் தடவி, கலவையை ஊற்றி, 220 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் சுட வேண்டும். சட்டி சூடாக இருந்தால்தான் அடிப்பக்கம் மொறுமொறுப்பாக வரும். சர்க்கரை சேர்க்காதீர்கள்; இனிப்பு வேண்டியவர்கள் மேலே வெல்லப்பாகு ஊற்றிக்கொள்ளட்டும். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகுதான் அங்கே ஏழைகளின் இனிப்பு.

உலர்ந்த ஆப்பிள் அந்தக் காலத்தின் உண்மையான பண்டிகைச் சுவை. 1846இல் சியரா நெவாடா மலைப்பனியில் சிக்கிக்கொண்ட டோனர் குழு என்ற குடியேறிகளின் கூட்டத்தில், மார்கரெட் ரீட் என்ற தாய் கொஞ்சம் உலர்ந்த ஆப்பிளையும், பயற்றையும், குடலிறைச்சியையும், சிறு துண்டு பன்றி இறைச்சியையும் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்து, கிறிஸ்துமஸ் அன்று தம் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்தார். பட்டினியால் அந்தக் குழுவில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். ரீட் குடும்பத்தார் அனைவரும் பிழைத்தார்கள். ஆப்பிள் துண்டுகளை மேசைக்குக் கொண்டுவரும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. செய்முறை எளிது: 250 கிராம் உலர்ந்த ஆப்பிளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, அதே நீரில் மென்மையாகும்வரை வேகவைத்து, சர்க்கரையும் கறுவாப்பட்டைத் தூளும் சேர்த்துப் பிசைந்து, கோதுமை மாவும் வெண்ணெயும் குளிர்ந்த நீரும் சேர்த்துப் பிசைந்த மேலோட்டுக்குள் இட்டுச் சுட வேண்டும். இதில் முட்டை இல்லாததால் சைவர்களுக்கும் பரிமாறலாம்.

ஆனால் நான் எல்லோரையும் வற்புறுத்திச் செய்யச் சொல்வது வினிகர் என்னும் காடி ஊற்றிச் செய்யும் 'காடிப் பை' என்ற பண்டத்தைத்தான். எலுமிச்சை கிடைக்காத வீட்டில் அந்தப் புளிப்புக்கு ஆப்பிள் காடியை ஊற்றிச் செய்த இனிப்பு அது. இல்லாமையிலிருந்து விருந்தைப் பிறப்பித்த அந்தப் பெண்களின் திறமையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உணவு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு கோப்பைச் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி மைதா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து, அடித்த இரண்டு முட்டை, ஒரு கோப்பைத் தண்ணீர், இரண்டரை மேசைக்கரண்டி ஆப்பிள் காடி ஆகியவற்றை ஊற்றி, மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். கரண்டியின் பின்புறத்தில் தடித்துப் படியும்போது இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயைச் சேர்த்து, முன்பே சுட்டு வைத்த மேலோட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். மேலே ஜாதிக்காயைத் துருவித் தூவுங்கள். ஜாதிக்காய் எல்லைப்புறக் கடைகளில் விற்கப்பட்ட பண்டம்தான். நமக்கோ பாலிக் புலாவ் பக்கம் விளைவதே கிடைக்கும். வெள்ளைச் செயற்கைக் காடியை ஊற்றினால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். தேங்காய்க் காடியும் வேண்டாம்.

உலர்ந்த வெள்ளை பீன்ஸை இரவு ஊறவைத்து, வெங்காயமும் கரும்பாகும் கடுகுத்தூளும் சேர்த்து மெல்லத் தீயில் வேகவைத்தால் சைவ மேசை நிறைந்துவிடும்.

காப்பியைப் பற்றி ஒரு சொல். பச்சைக் கொட்டையை வாங்கி வீட்டுச் சட்டியில் வறுத்துக்கொள்வதே அங்கும் பழைய வழக்கம். பிட்ஸ்பர்க் வணிகரான ஜான் ஆர்பக்கிள் 1860களில், வறுத்த கொட்டையின் மேல் முட்டையும் சர்க்கரையும் கலந்த பூச்சு பூசி மணத்தைக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வறுத்த காப்பி பொட்டலமாக மேற்கெங்கும் பரவியது. பொட்டலத்துக்குள் ஒரு புதினா மிட்டாய்க் குச்சியும் இருந்தது. நம் கோப்பிக்கடைக் கொட்டை சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்படுவதால் அதன் கருமையும் சுவையும் வேறு. பூச்சில்லாமல் வறுத்த கொட்டையை வாங்கி, கொரகொரப்பாகப் பொடித்து, வடிகட்டாமல் பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து, சிறிது குளிர்ந்த நீர் தெளித்துத் தூளை அடியில் படியவிட்டுப் பரிமாறுங்கள். பிள்ளைகளுக்குப் புதினா மிட்டாய்க் குச்சி.

பரிசும் விளையாட்டும்

பல குடும்பங்களுக்குத் தனி மரம் வைக்க வசதியில்லாததால் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ ஊருக்குப் பொதுவாக ஒரு மரம் வைத்தார்கள். பரிசுகளை அதிலேயே தொங்கவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி அழைத்துக் கொடுத்தார்கள். இதை அப்படியே பின்பற்றுங்கள். கையுறை, கந்தல் துணிப் பொம்மை, ஓர் ஆரஞ்சு, ஒரு மிட்டாய்க் குச்சி என்பவையே பரிசுகள். எந்தப் பிள்ளையின் பெயரும் விடுபடாதபடி வருகைப் பட்டியலை முன்னாலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சோளத்தோகைப் பொம்மை செய்வதைப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரப் பயிற்சியாக வைக்கலாம். இது ஹோடனோஷோனி போன்ற பூர்வகுடி மக்களின் கலை. குடியேறிகள் அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அவித்த சோளம் விற்கிறவரிடம் கேட்டால் தோகையை இலவசமாகவே தருவார். வெயிலில் காயவைத்து, செய்வதற்கு முன் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவையுங்கள். ஐந்தாறு தோகைகளை ஒன்றாகப் பிடித்து ஒரு முனையில் நூலால் கட்டி, வாழைப்பழம் உரிப்பதுபோல் மற்ற முனையைக் கீழ்நோக்கி மடக்கினால் தலை உருவாகும். கழுத்தில் ஒரு கட்டு. மற்றொரு தோகையைச் சுருட்டிக் கைகளாகக் குறுக்கே செருகி, அதன் கீழே இடுப்பில் ஒரு கட்டு. மீதியை விரித்தால் பாவாடை. முகம் வரையாமல் விடுவதே அந்த மக்களின் மரபு.

கரும்பாகு மிட்டாயை இழுக்கும் விளையாட்டை நம் காலநிலையில் குளிரூட்டிய அறையில் மட்டுமே நடத்த முடியும். கரும்பாகை 127 டிகிரி செல்சியஸ்வரை காய்ச்சி, வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தொட்டால் தோல் வெந்துவிடும். இருவர் இருவராக இழுத்து மடித்து, நிறம் வெளுத்ததும் வெட்டி, உடனே தாளில் சுற்றிவிடுங்கள்.

இசைக்கு வயலின் ஒன்றே போதும். எல்லைப்புறத்தின் 'பிடில்' என்பது அதே கருவிதான் என்பதால், கர்நாடக இசை பயிலும் மாணவர் ஒருவரிடம் எளிய நடன மெட்டு இரண்டை ஒரு மாதம் முன்பே கொடுத்தால் வாசித்துவிடுவார். சுரங்க முகாம்களில் பெண்கள் மிகக் குறைவு என்பதால் சில ஆண்கள் கையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பெண்களுக்குரிய அடிகளை ஆடினார்கள். எங்கள் ஊர் இளைஞர்கள் இந்தப் பகுதியை விரும்பி ஆடுகிறார்கள். கொல்லர்கள் இரண்டு பட்டடைக் கற்களுக்கிடையே வெடிமருந்து வைத்து முழக்கம் எழுப்பியதையும், பிள்ளைகள் பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி உலர்த்திக் கிறிஸ்துமஸ் காலையில் வெடித்ததையும் வாயால் சொன்னால் போதும். காகிதப் பைகளை ஊதி ஒரே நேரத்தில் வெடிக்கச் செய்யுங்கள்.

அந்த நிலத்தில் இருந்த மற்றவர்கள்

இப்பகுதியை நிகழ்ச்சியின் ஓரத்தில் ஒரு பலகையாக வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உணவுக்கு முன்பாகவே, எல்லோரும் அமர்ந்திருக்கும்போது, பத்து நிமிடம் இதற்கென ஒதுக்குங்கள். அந்த 160 ஏக்கர் வெற்றிடமாகக் கிடக்கவில்லை. நாம் எடுத்துக்கொண்ட 1873ஆம் ஆண்டின் ஆகஸ்ட் 5 அன்று, தென்மேற்கு நெப்ராஸ்காவில் காட்டெருமை வேட்டைக்குச் சென்ற போனி என்ற பூர்வகுடி மக்கள், லகோட்டா என்ற மற்றொரு பூர்வகுடியின் வீரர்களால் தாக்கப்பட்டுப் பெருந்தொகையில் இறந்தார்கள். காட்டெருமை குறைந்து, குடியேற்றம் நெருக்கி, பகையும் சூழ்ந்த நிலையில் அவர்கள் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தங்கள் தாய்மண்ணை விட்டு இன்றைய ஒக்லஹோமாவுக்குப் பெயர்ந்தார்கள். புல்மண் வீட்டில் சோளப்பொரி கோக்கப்பட்ட டிசம்பரில் இந்தப் பெயர்ச்சி தொடங்கிவிட்டது.

1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படையினர் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட லகோட்டா மக்களைக் கொன்றார்கள். காயமுற்றவர்கள் பைன் ரிட்ஜில் இருந்த சிறு தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இருக்கைகள் அகற்றப்பட்டு, தரையில் வைக்கோல் பரப்பப்பட்டது. கிறிஸ்துமஸ் அலங்காரம் இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது. சாண்டி டகோட்டா இனத்தவரான மருத்துவர் சார்லஸ் ஈஸ்ட்மன் அங்கே அவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். இதைப் படிக்கும்போது பின்னணி இசை எதுவும் வேண்டாம். சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களை அந்த நேரத்தில் பொம்மைப் பயிற்சிக்கு அனுப்பிவிடலாம்.

நேரம் இருந்தால் மற்ற மூன்று இடங்களையும் சுருக்கமாகச் சேருங்கள். விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் 1877இல் கான்சஸில் நிறுவிய நிக்கோடெமஸ் ஊரில் அடிமைமுறை ஒழிப்பைக் கொண்டாடும் கோடைக்கால ஊர்கூடல் இன்றும் நடக்கிறது. நியூ மெக்சிகோவில் ஸ்பானிய மரபினர் தங்க இடம் தேடும் மரியாளையும் யோசேப்பையும் வீடுவீடாக நடித்துக் காட்டினார்கள். கலிபோர்னியாவின் மேரிஸ்வில்லில் 1880இல் எழுந்த போக் காய் கோயில் இன்றும் இருக்கிறது. அதைக் கட்டிய சீனர்களின் கதையைச் சொன்னால் ஜார்ஜ்டவுன் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

பெரியவர்களின் பேச்சு

விருந்து முடிந்ததும் ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் இருவர் மூவரை அழைத்து, லயத்து வீடுகளில் தீபாவளியும் பொங்கலும் எப்படி நடந்தன என்று பேசச் சொல்லுங்கள். எதை எதற்குப் பதிலாகப் போட்டுச் சமைத்தார்கள், துணி எப்போது வந்தது, யார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள் என்ற திட்டமான கேள்விகளைக் கேட்டால் நினைவு நன்றாகத் திறக்கும். அவர்களின் இசைவு பெற்றுக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் நிகழ்ச்சியை நடத்துகிறவர் இரண்டு வாழ்க்கையையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. நெப்ராஸ்காக் குடியேறி ஐந்தாண்டு தாக்குப்பிடித்தால் நிலத்துக்கு உரிமையாளர் ஆனார். நம் முன்னோர் காட்டை அழித்து நட்ட மரங்கள் ஒருபோதும் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. சட்டியில் இருந்த பஞ்சம் ஒத்திருக்கலாம், பட்டா ஒத்திருக்கவில்லை. கேட்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கேள்வியாக எழுப்பினால், அதற்கே நேரத்தை விட்டுக்கொடுங்கள், நடனத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக, விருந்தினருக்குக் கொடுக்கும் நிகழ்ச்சித்தாளின் பின்பக்கத்தில் நீங்கள் செய்த மாற்றங்களை எல்லாம் எழுதி அச்சிடுங்கள்: சீடர் மரத்துக்குச் சவுக்கு, பன்றிக்கொழுப்புக்கு வெண்ணெய், புல்வெளிக் கோழிக்கு நாட்டுக்கோழி, காட்டு ரோசாக் காய்க்குக் கிரான்பெர்ரி, மெழுகுவர்த்திக்கு மின்கல விளக்கு. ஆண்டும் இடமும் தாளின் தலைப்பிலேயே இருக்கட்டும். அடுத்த முறை வேறொரு குழு 1874ஐயோ 1805ஐயோ எடுத்து நடத்தும்போது, எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு அந்தத் தாள் அவர்களுக்கு உதவும்.